அழுத்தம் அறியும் முடிச்சு

என் மாமனார் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார மாட்டார். கல்யாணமாகி நான் கெலமங்கலம் வந்த நாளிலிருந்து அது அப்படித்தான் இருந்தது. ஓசூருக்கு எதற்காவது சேர்ந்து போக வேண்டியிருந்தால் என்னையும் குழந்தையையும் முதலில் ஏற்றிவிட்டு, நாங்கள் உட்கார்ந்துவிட்டோமா என்று பார்த்துவிட்டு, டிரைவருக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பக்கத்து இடம் காலியாக இருந்தாலும் வர மாட்டார். மருமகள் பக்கத்தில் மாமனார் தோள் உரச உட்காருவது இந்தக் குடும்பத்தில் வழக்கம் இல்லை. எங்கள் சாத்தூர்ப் பக்கம் இவ்வளவு கறார் கிடையாது. முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது, அதற்கும் பிறகு அது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மரியாதை தெரிந்த மனிதர் என்று அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறேன்.

அதனால் போன வருடம் முழுக்க, பஸ்ஸே காலியாக வந்த மத்தியான நேரங்களிலும் அவர் நின்றுகொண்டே வந்தபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. என் கணவருக்கும் தோன்றவில்லை. ஊரில் யாருக்கும் தோன்றியிருக்காது.

இதை ஓர் இடைவெளியில் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி நாட்கள் முடிந்து அவர் இப்போது வீட்டில் இருக்கிறார். குணமாகி வந்தார் என்று எழுத முடியாது. இனிமேல் குணமாகாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். எங்களைப் போல வீட்டில் ஒரு பெரியவரை வைத்துக்கொண்டு, அவருக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்க முடியாமல் இருப்பவர்கள் வேறு எங்காவது இருப்பார்கள். அவர்கள் படித்தால் ஏதாவது பயன்படுமா என்று நினைத்து ஆரம்பித்தேன். பயன்படுமா என்பது எனக்கு இப்போதும் தெரியவில்லை.

மாமாவின் பெயர் முனிராஜ். இளவயதில் பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர். பிறகு ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி ஏற்றி இறக்கினார். வாங்க வருகிற வியாபாரிகள் பாதிப் பேர் கர்நாடகா ஆட்கள் என்பதால் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. தெலுங்கும் பேசுவார். மகனுக்கு ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்ததும் மண்டியை விட்டுவிட்டு, இருக்கிற அரை ஏக்கரில் கொத்தமல்லியும் பீன்ஸும் போட்டுக்கொண்டிருந்தார். அத்தை என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். வீட்டில் நான், என் கணவர் சரவணன், மாமா, நான்கு வயதாகும் என் மகள் யாழினி. அவ்வளவுதான். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாமாவிடம் சில விஷயங்களைக் கேட்கக்கூடிய ஒரு பெண், அல்லது அவர் சொல்லக்கூடிய ஓர் ஆள், வீட்டில் இல்லை.

முதலில் இடுப்பு வலி என்றார். தோட்டத்தில் குனிந்து நிமிர்கிறவருக்கு இடுப்பு வலி வராதா? எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம். எக்ஸ்ரே எடுத்து, தேய்மானம் என்று சொல்லி, மாத்திரையும் கட்டிக்கொள்ள ஒரு பெல்ட்டும் கொடுத்தார். பெல்ட்டை மாமா தவறாமல் கட்டினார். ராத்திரியில் நாலைந்து முறை எழுந்து வெளியே போய்வந்தார். சர்க்கரையாக இருக்கும் என்று நானே முடிவு செய்து ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போனேன். சர்க்கரை இல்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது என்னவோ போல் இருக்கிறது. சாப்பிடும்போது சுவரில் சாய்ந்து குத்துக்கால் வைத்து உட்காருவார். அல்லது தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றபடி சாப்பிடுவார். பெல்ட் போட்டிருப்பதால் உட்கார முடியவில்லை போல என்று நினைத்தேன்.

ஒருநாள் காலையில் அவரால் சிறுநீர் கழிக்கவே முடியவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது. என் கணவர் முதல் ஷிப்டில் இருந்தார். பக்கத்து வீட்டு நாகம்மா குழந்தையை வாங்கிக்கொண்டார். ஆட்டோ பிடிக்கிறேன் என்றேன். மாமா வேண்டாம், பஸ்ஸிலேயே போகலாம் என்றார். அந்த நிலையிலும் செலவு பார்க்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. கெலமங்கலத்திலிருந்து ஓசூர் வரை கம்பியைப் பிடித்தபடி, வியர்வை சொட்டச் சொட்ட, நின்றே வந்தார்.

ஆஸ்பத்திரியில் குழாய் வைத்துச் சிறுநீரை வெளியே எடுத்தார்கள். பரிசோதித்த டாக்டர் சின்ன வயசுக்காரர். என்னைப் பார்த்து, "நீங்க மகளா?" என்று கேட்டார்.

"மருமக."

"மகன் வரலையா?"

"ட்யூட்டில இருக்காங்க சார். எங்கிட்ட சொல்லுங்க."

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா சுவரைப் பார்த்தார். டாக்டர் என்னைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். திரைக்கு வெளியே நின்றபோது உள்ளே அவர் கேள்வி கேட்பது கேட்டது. எங்கே வலி, எப்போது அதிகம், உட்கார்ந்தால் எப்படி, மலம் போகும்போது எப்படி. மாமாவின் பதில் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். "இடுப்புல சார்." திரை மெல்லிய துணி. நான் அந்தப் பக்கம் நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியும். படிக்கட்டு வரை நடந்து போயிருக்கலாம். கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று பயந்து அங்கேயே நின்றேன்.

புரோஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் ஒரு சுரப்பி. பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும். வயதானால் வீங்குவது சாதாரணம். வீங்கினால் குழாயை நெரிக்கும். இவருக்கு வெறும் வீக்கம் மாதிரித் தெரியவில்லை, விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்படுகிறது என்றார் டாக்டர். பி.எஸ்.ஏ. என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். அந்தச் சுரப்பியிலிருந்து ரத்தத்துக்கு வரும் ஒரு பொருளின் அளவு அது. இருக்க வேண்டியதைவிடப் பலமடங்கு இருந்தது. அடுத்தது பயாப்ஸி.

பயாப்ஸி என்றால் ஊசியால் சதையைக் கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பார்ப்பது. மலவாய் வழியாக ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டே சுரப்பியின் பல இடங்களிலிருந்து நூல் நூலாக எடுப்பார்கள். கையெழுத்துப் போட வந்த என் கணவருக்கும் எனக்கும் டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். நடுவில் சுரப்பி, சுற்றிலும் கொழுப்பு, அந்தக் கொழுப்புக்குள் இரண்டு பக்கமும் நரம்புக் கட்டு. "வலி தெரியறதெல்லாம் இந்தச் சுத்துப் பகுதியிலதான். அதனால மரப்பு ஊசிய சுரப்பியில போட மாட்டோம், சுத்தி இருக்கற இங்க போடுவோம்" என்று பேனாவால் இரண்டு புள்ளி வைத்தார். ஊசி போட்ட பிறகு வலி இருக்காது, அழுத்துவது மட்டும் தெரியும் என்றார். என் கணவர் படத்தைப் பார்க்காமல் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பயாப்ஸி முடிந்து வெளியே வந்தபோது மாமாவின் முகம் தெளிவாக இருந்தது. காத்திருக்கும் இடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முழுதாக, இரண்டு பக்கமும் பாரம் கொடுத்து, காலை நீட்டி. டீ கேட்டார். டீயும் வர்க்கியும் வாங்கிவந்தேன். வர்க்கியைப் பாதி பிய்த்து யாழினிக்கு என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெகுநாள் கழித்து அவர் அப்படி உட்கார்ந்து பார்த்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மரப்பு ஊசியின் வேலை என்று பிறகுதான் புரிந்தது. அந்த டீ குடித்த நேரம்தான் அவருக்குக் கடைசியாகக் கிடைத்த வலியே இல்லாத நேரம் என்று நினைக்கிறேன்.

ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்தார்கள். டாக்டரைப் பார்க்க இன்னும் நேரம் இருந்தது. படிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே படித்தேன். நான் பி.எஸ்ஸி. விலங்கியல். பாதி புரிந்தும் பாதி புரியாமலும் இருப்பதுதான் மோசம். புற்று என்பது முதல் வரியிலேயே இருந்தது. தீவிரமான வகை. சுரப்பியைத் தாண்டிச் சுற்றியுள்ள கொழுப்பில் பரவியிருக்கிறது. நரம்பைச் சுற்றியும் செல்கள் இருக்கின்றன. கடைசியில் ஒரு வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது: சுற்றியுள்ள கொழுப்பில் ஒரு பாசினியன் கார்பஸல் காணப்படுகிறது, இது இயல்பானது. அந்தப் பக்கம் முழுவதிலும் இயல்பானது என்ற சொல் அங்கே மட்டும்தான் இருந்தது. டாக்டர் பேசிக்கொண்டிருந்தபோதும் என் மனசு அந்த வரியிலேயே நின்றது. ஸ்கேனில் இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் படிந்திருப்பதாகச் சொன்னார். ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார். நான் அந்த ஒரு வரியைக் கேட்டேன். அவர் அது ஒன்றும் இல்லை என்று தள்ளிவிட்டார்.

பெங்களூரில் இன்னொரு டாக்டரிடம் காட்டலாம் என்று ஸ்லைடுகளை வாங்க லேபுக்குப் போனேன். லேப் டாக்டர் ஒரு அம்மா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, என்ன படித்திருக்கிறேன் என்று கேட்டார். சொன்னதும், "அப்ப மைக்ராஸ்கோப் பாத்திருப்பீங்க, வாங்க" என்று தன் இடத்தை விட்டுக் கொடுத்தார். கல்லூரியில் வெங்காயத் தோலை வைத்துப் பார்த்ததுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கண்ணை வைத்தால் அங்கேயும் வெங்காயம்தான் இருந்தது. குறுக்கே வெட்டிய சின்ன வெங்காயம் மாதிரி, வளையத்துக்குள் வளையமாக, நடுவில் ஒரு புள்ளியோடு. இளஞ்சிவப்பு. அழகாக இருந்தது என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் அழகாகத்தான் இருந்தது.

"அது ஒரு நரம்போட நுனி" என்றார் அந்த அம்மா. "அழுத்தமும் அதிர்வும் உணர்றதுக்கு. விரல் நுனியில, உள்ளங்கால்ல நிறைய இருக்கும். புரோஸ்டேட்டச் சுத்தியும் இருக்கும். ஊசியில மாட்டுறது அபூர்வம். பாத்தேன், எழுதிட்டேன்."

"வலி இதாலயா தெரியுது மேடம்?"

"இல்ல. வலிக்கு வேற நுனிங்க. வெறும் நூலு மாதிரி, இதுல உங்க கண்ணுக்குத் தெரியாது. அது பூரா இந்தக் கொழுப்புலதான் ஓடும்." ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்தினார். கருநீலப் புள்ளிகள் கும்பலாக ஒரு நரம்பை மொய்த்துக்கொண்டு நின்றன. "இதுதான் கட்டி. நரம்போட கூடவே போகுது. இவருக்கு வலி ரொம்ப இருக்கணுமே. சொல்றாரா?"

இடுப்பு வலி என்கிறார் என்றேன்.

அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "இடுப்பு இல்லம்மா. உட்கார்ற இடம். உட்காரவே முடியாது."

அப்படியென்றால் முதலில் பார்த்த அந்த வெங்காய முடிச்சு மட்டுமாவது நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. ஏதாவது ஒன்று நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்டிருப்பேன்.

"அது நல்லா இருக்கு" என்றார். ஸ்லைடை எடுத்து மற்றவற்றோடு அடுக்கி என்னிடம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். பஸ்ஸில் நின்றது, வாசலில் நின்று சாப்பிட்டது, ஆட்டோ வேண்டாம் என்றது, எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னேன். ஆட்டோவில் நிற்க முடியாது. அவர் பார்த்தது செலவு இல்லை. என் கணவர் கட்டிலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் ஷூ லேஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஒருவாட்டி மாமாகிட்டக் கேளுங்க" என்றேன்.

"அப்பாகிட்ட நான் எப்புடிக் கேக்கறது? மோட்டார் ஓடுதா, மழ வந்துதா, இதுக்கு மேல நாங்க பேசுனதே இல்ல." பிறகு, "உனுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேணாம். தாங்க மாட்டாரு" என்றார்.

அது சரி என்றுதான் எனக்கும் பட்டது. இன்றுவரை அது சரியா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பெங்களூர் டாக்டரும் அதையேதான் சொன்னார். ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்தார்கள். ஆண் ஹார்மோன்தான் இந்தப் புற்றுக்குச் சாப்பாடு. அதை நிறுத்தினால் கட்டி சுருங்கும். பலருக்கு வருடக்கணக்கில் கேட்கும் என்றார் டாக்டர். மாமாவுக்குச் சில மாதம் கேட்டது. பி.எஸ்.ஏ. இறங்கியது. பிறகு ஏறியது. மறுபடி சிறுநீர் அடைத்து, காய்ச்சல் வந்து, வார்டில் சேர்த்தோம். நான் ஆஸ்பத்திரி நாட்கள் என்று சொல்வது அந்த நாட்களைத்தான்.

பகலில் நான் இருப்பேன். ராத்திரி என் கணவர் ஷிப்ட் முடிந்து நேராக வந்து பெஞ்சில் படுத்துக்கொள்வார். யாழினி நாகம்மா வீட்டில். என் கணவரின் கூட வேலை செய்பவர்கள் ஆளுக்கு ஒருநாள் அவருடைய ஷிப்டை மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. பில் கட்டும் கவுன்ட்டரில் நிற்கும்போதெல்லாம் கொத்தமல்லிப் பாத்தி நினைவுக்கு வரும். அது தண்ணீர் இல்லாமல் காய்ந்துவிட்டது. மாமா அதைப்பற்றி ஒருதரமும் கேட்கவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

வார்டில் மஞ்சுளா என்று ஒரு நர்ஸ். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கத்துப் பெண். கன்னடம்தான் அவளுக்குச் சுலபம், தமிழைத் தட்டித் தடவிப் பேசுவாள். முதல் நாள் காலை மாமாவிடம் வலி எப்படி இருக்கிறது, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள் என்று தமிழில் கேட்டாள். மாமா ஒன்றுமில்லை என்றார். நான் பக்கத்தில் ஃபிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தேன். மறுநாள் அவசரத்தில் கன்னடத்திலேயே கேட்டுவிட்டாள். "எல்லி நோவு, அஜ்ஜா?" எங்கே வலி, தாத்தா?

மாமா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அவளிடம் கன்னடத்தில் பேச ஆரம்பித்தார்.

எனக்குக் கன்னடம் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வந்த புதிதில் தெரியாதுதான். நாகம்மாவின் வீட்டில் கன்னடம். ஆறு வருடமாக அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கிறேன். என் மகள் அங்கே போய்விட்டு வந்து பாதிக் கன்னடத்தில் அழுவாள். பேச வாய் வராது. காதில் விழுவது புரியும். அதை மாமாவிடம் சொல்ல ஒருபோதும் சந்தர்ப்பம் வந்ததில்லை.

அவர் நிதானமாகப் பேசினார். மண்டியில் வியாபாரியிடம் சரக்கு நிலவரம் சொல்வது மாதிரி. உட்கார ஆகவில்லை என்றார். ஆணியின் மேல் உட்காருவது போல் இருக்கிறது. மல்லாந்து படுத்தால் நெருப்பு. ஒருக்களித்துப் படுத்தால் கொஞ்சம் பரவாயில்லை. பஸ்ஸில் ஸ்பீடு பிரேக்கர் வந்தால் நிற்கும்போதே உயிர் போகும், உட்கார்ந்தால் கத்திவிடுவேன், மருமகள் கூட வருவாள், அதனால் நிற்பேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று மஞ்சுளா கேட்டாள். அவர் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

"வீட்ல பொம்பளப் புள்ள அவ ஒருத்தி" என்று கன்னடத்தில் சொன்னார். "இந்த எடத்த அவகிட்ட எப்புடிச் சொல்லட்டும்? நம்ம வழக்கம் அவள உக்கார வெச்சிட்டு நிக்கறது. அது நல்லதாப் போச்சு, யாரும் கேக்கல." கடைசியில், மருமகளிடம் சொல்லிவிடாதே என்றார்.

நான் ஃபிளாஸ்க்கை இரண்டாவது முறை கழுவினேன். என் முகம் அவருக்குத் தெரியாத பக்கமாகத் திரும்பி நின்றேன். கண்ணைத் துடைத்தால் கை அசைவது தெரியும் என்று துடைக்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் அது நடந்தது. மஞ்சுளா வரும் நேரத்துக்கு நான் அந்த இடத்தைவிட்டு எழுந்து போக மாட்டேன். போனால் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாமல் போய்விடும். இருந்தால் அவர் எனக்குத் தெரியாது என்று நம்பிப் பேசுவார். இரண்டில் எது தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டதை வராந்தாவில் டாக்டரிடம் போய்ச் சொல்வேன். மார்ஃபின் அளவைக் கூட்டினார்கள். வலிகளுக்கெல்லாம் கடைசியாகக் கொடுக்கும் மருந்து அது. நரம்பு வலிக்கென்று தனியாக ஒரு மாத்திரை சேர்த்தார்கள். எலும்புக்குக் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். நாலைந்து நாள் அவர் தூங்கினார். ஒருநாள் தலையணையை அடியில் வைத்துக் கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். யாழினி வந்தபோது அவளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். நான் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒருநாள் அவர் மஞ்சுளாவிடம், இன்னும் எத்தனை நாள் என்று கேட்டார். அதை டாக்டரிடம் கேளுங்கள் என்றாள் அவள். டாக்டர் தமிழ்தானே பேசுவார் என்றார் மாமா.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் எங்கள் இருவரையும் அறைக்குள் உட்கார வைத்தார். ஹார்மோன் ஊசிக்குப் பிறகு கொடுத்துப் பார்த்த இரண்டாவது மருந்தும் கேட்கவில்லை. இன்னும் பலமான மருந்து கொடுத்தால் உடம்பு தாங்காது. "இனிமே நோயத் துரத்த வேணாம். வலி இல்லாம பாத்துக்குவோம். அது முடியும், ஆனா அவரு வலிய சொல்லணும். சொன்னாதான் அளவு மாத்த முடியும். வீட்ல யாராவது கேட்டு எங்களுக்குச் சொல்லுங்க." என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மஞ்சுளா மாமாவின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, வருகிறேன் அஜ்ஜா என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

வீட்டில் மாத்திரைக்கு ஒரு டப்பா. வேளைக்குப் போடுவது ஒரு பக்கம், தாங்காதபோது கூடுதலாகப் போடுவது இன்னொரு பக்கம். கூடுதல் மாத்திரை குறையவே இல்லை. வலிக்கிறதா மாமா என்று தமிழில் கேட்டேன். இல்லம்மா என்றார். சரவணன் வாசலில் நின்று, "எப்புடிப்பா இருக்குது?" என்று கேட்டார். பரவால்லடா, நீ வேலைக்குப் போ என்றார். ஆனால் படுக்கை விரிப்பை அவர் கை பிடித்திருந்த இடம் கயிறாய் முறுக்கிக் கிடந்தது. ஒருக்களித்தே படுத்திருந்தார். சாப்பாட்டை நிறுத்தினார். சாப்பிட்டால் மலம் கழிக்க வேண்டும், அப்போது வலி தாங்காது என்பது எனக்குத் தெரியும். அவர் மஞ்சுளாவிடம் சொன்னது அது.

நாகம்மாவின் கணவரைக் கேட்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஊருக்கே தெரிந்துவிடும். மஞ்சுளாவுக்குப் போன் போட்டுக் கொடுக்கலாமா என்று நினைத்தேன். அவள் நம்பரை நான் வாங்கி வைக்கவில்லை. இரண்டு நாள் இப்படியே யோசித்தேன். மூன்றாவது நாள் மத்தியானம், யாழினி தூங்கிக்கொண்டிருந்தாள். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முதுகு ஒரு சீராக நடுங்கிக்கொண்டிருந்தது. டம்ளரில் தண்ணீரும் கூடுதல் மாத்திரையும் எடுத்துப்போனேன். கட்டிலுக்கு இரண்டடி தள்ளித் தரையில் உட்கார்ந்தேன். நான் அதுவரை ஒரு வாக்கியம்கூட யாரிடமும் கன்னடத்தில் பேசியது கிடையாது.

"எல்லி நோவு, மாவா?" என்றேன்.

முதுகு நடுங்குவது நின்றது. அவர் மூச்சை நிறுத்திவிட்டார் என்று பயந்தேன். மஞ்சுளாவிடம் பேசிய ஒவ்வொரு காலையையும், நான் அங்கே ஃபிளாஸ்க் கழுவிக்கொண்டும் துண்டு மடித்துக்கொண்டும் நின்றதையும், அவர் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்திருப்பார். பிறகு மெதுவாக எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு கட்டிலில் நேராக உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் பாரம் கொடுத்து. நெற்றியில் வியர்வை துளிர்த்ததைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"எங்கயும் நோவு இல்லம்மா. போயிடுச்சு. நீ போயி பாப்பாவப் பாரு."

மாத்திரையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் அது அப்படியே இருந்தது. அதற்கப்புறம் அவர் நாகம்மாவின் வீட்டாரிடம்கூடக் கன்னடத்தில் பேசுவதில்லை. என்ன கேட்டாலும் தமிழில்தான் பதில். நான் கேட்காமல் இருந்திருந்தால் அவருக்கு அந்த ஒரு பாஷையாவது மிச்சம் இருந்திருக்கும். கேட்காமல் எப்படி இருப்பது என்பதும் எனக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் நடந்ததைப் போனில் சொன்னேன். அவர் அளவைக் குத்துமதிப்பாகக் கூட்டினார்.

நேற்று செக்கப். காரில் பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு போகலாம் என்று என் கணவர் கார் சொல்லியிருந்தார். மாமா வேண்டாம் என்றுவிட்டார். நல்லா இருக்கிற ஆளுக்கு எதுக்குடா காரு என்றார். எப்போதும் போலப் பஸ்தான். என்னை ஏற்றிவிட்டார். கூட்டம் இல்லை. நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். அவர் கம்பிக்குப் போவார் என்று பார்த்தேன். போகவில்லை. சீட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக இறங்கி, என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறு வருடத்தில் முதல் முறை. அவர் தோள் என் தோளில் பட்டது. எலும்பு மட்டும்தான் இருந்தது.

பஸ் கிளம்பியது. கெலமங்கலம் தாண்டியதும் முதல் ஸ்பீடு பிரேக்கர். முன்சீட்டுக் கம்பியை அவர் இரண்டு கையாலும் பிடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஓசூர் வரை எங்கெங்கே ரோடு உடைந்திருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அடுத்தது வரப்போகிறது என்று தெரிந்து ஒவ்வொரு முறையும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவருக்குள்ளே அந்த வளையம் வளையமான முடிச்சு ஒவ்வொரு அதிர்வையும் ஒழுங்காக உணர்ந்துகொண்டிருக்கும். அது நன்றாக இருக்கிறது என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள்.

பாதி வழியில் கண்டக்டர் வந்து, என்ன பெரியவரே, இன்னைக்கு உக்காந்துட்டீங்க என்றார்.

"உடம்பு தேவல" என்றார் மாமா.